அம்மாவுக்கு வராமல் போன வாசனை

நம் வயசில் எது எது போகும் என்று நமக்கெல்லாம் தெரியும். கண் போனால் கண்ணாடி, காது போனால் மெஷின், பல் போனால் செட். முட்டி போனால்கூட இப்போது மாற்றித் தருகிறார்கள். மூக்கு போவதைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது, ஒரு வாரத்தில் போனது, போகும்போது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, மூக்குத்திகூட அதே இடத்தில் இருக்கிறது. வேலை மட்டும் செய்வதில்லை.

சொன்னால் சிரிக்கிறார்கள். "நல்லதுதானே, பாசாருல கருவாட்டுப் பக்கம் நிம்மதியா நடக்கலாம்லா" என்றாள் கீழ்வீட்டுச் சினேகிதி. நானும் முதல் மாதம் சிரித்தேன். கோப்பி வெறும் சுடுதண்ணீராக இறங்கியது, சாம்பார் காரமும் உப்புமாக நின்றது, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் பீரோவிலிருந்து செத்துப்போன என் புருஷனின் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தேன். அவர் போனதிலிருந்து மனசு சரியில்லாத நாட்களில் அப்படிச் செய்வது பழக்கம். அன்றைக்கு அது துணிக்கடையில் தொங்கும் ஏதோ ஒரு சட்டையாக இருந்தது. அவர் இரண்டாவது முறை செத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பயந்த முகத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். அது என் அம்மாவின் முகம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெலுத்தோங்கில், இப்போது நான் இருக்கிற பிளாட் நிற்கும் இதே பக்கம்தான், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வாடகை வீடு. நீங்களும் அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவர்கள் என்றால் அந்த வாசனைகளை நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மரப்பட்டறையிலிருந்து ஈர மரத்தூள். கடல் வற்றினால் சேறு. சாயங்காலம் பக்கத்துச் சீனர் வீட்டு வாசலில் ஊதுபத்தி. அப்பா டவுனில் ஒரு கிட்டங்கியில் மூட்டை கணக்கு பார்த்தார். அவர் சைக்கிளை நிறுத்தும் முன்பே கிராம்பும் ஜாதிக்காயும் வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா அதை வைத்துத்தான் சோற்றை இறக்குவாள். என் தம்பி பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

தீபாவளிக்கு முந்தைய மழைக்காலம். வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்தில் சிமெண்டுத் தரை முழுக்கப் பாசி. தம்பியின் துணிகளை அலசிவிட்டு எழுந்த அம்மா வழுக்கி மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அடித்தது. ரத்தம் வரவில்லை, ஒரு பெரிய வீக்கம்தான். பக்கத்து வீட்டம்மா ஐஸ்கட்டி வாங்கி வந்து வைத்தார். இரண்டு மூன்று நாள் தலைவலி என்று படுத்திருந்தாள், அப்புறம் எழுந்து வேலையைப் பார்த்தாள். எல்லாரும் அதை மறந்துவிட்டோம்.

முதலில் ரசத்தில்தான் தெரிந்தது. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

"உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, மொளகு நாக்கச் சுடுது. ரசத்தத்தான் காணோம்" என்றாள்.

"சளி புடிச்சிருக்கும். ரெண்டு நாள்ல சரியாப் போவும்" என்றார் அப்பா.

சளி எதுவும் இல்லை. சரியாகவும் போகவில்லை. அம்மா வாய் திறந்து யாரிடமும் சொல்லாமல், வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்க்க ஆரம்பித்தாள். பெருங்காய டப்பா, சோப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, அப்பாவின் சட்டை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏதாவது ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நம் ஆட்களுக்குப் பிள்ளையைக் கொஞ்சுவது என்றால் உச்சி மோப்பதுதானே. தம்பியைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, மடியில் போட்டு, அம்மா அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுப்பாள். முன்பெல்லாம் ஒருமுறை இழுத்துச் சிரிப்பாள். இப்போது இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி இழுத்தாள். கழுத்து மடிப்பில், காதுக்குப் பின்னால், உள்ளங்கையில் எல்லாம் தேடினாள். தம்பி கூச்சத்தில் நெளிந்தான்.

"பாப்பா, இங்க வா. தம்பி தலைய மோந்து பாரு. வாசன வருதா?"

மோந்தேன். "வருதும்மா."

"எப்படி வருது? சொல்லு."

"தம்பி வாசன."

"அதான், அது எப்படி இருக்கு?"

யோசித்தேன். "நல்லா இருக்கும்மா."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. பசித்தவளிடம் சோறு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். ஆனால் வேறு என்ன சொல்வது? நிறத்துக்குச் சிவப்பு, பச்சை என்று பேர் இருக்கிறது. ருசிக்கு இனிப்பு, கசப்பு என்று பேர் இருக்கிறது. வாசனைக்கு மட்டும் அது எதிலிருந்து வருகிறதோ அதன் பேரைத்தான் சொல்ல முடிகிறது. மல்லி வாசனை, மண் வாசனை, தம்பி வாசனை. தெரிந்தவருக்கு அது போதும். தெரியாமல் போனவருக்கு எத்தனை சொன்னாலும் பயனில்லை.

தீபாவளிக்கு அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாமாவுக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. அத்தைக்குப் பிள்ளையில்லை. வருஷா வருஷம் ஒரு கூடை வாழைப்பழத்தோடு கடல் தாண்டி ஃபெர்ரியில் வந்து இறங்குவார், அந்த ஒரு வாரம் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தம்பியைத் தூக்கினால் கீழே வைக்கமாட்டார்.

அத்தை அன்றைக்குப் பாசாருக்குப் போயிருந்தார். நான் வாசலில் ஏழாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். உள்ளே சேலைத் தொட்டிலில் தம்பி தூங்கினான். சாம்பிராணிக் கரித்தட்டு தொட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது, சேலையின் நுனி அதில் பட்டிருக்கிறது. தீ இல்லை, புகையும் பெரிதாக இல்லை, துணி கனிந்து கருகிக்கொண்டே மேலே ஏறியிருக்கிறது. அம்மா முதுகைக் காட்டியபடி அதே அறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கருகல் வாசனை வந்தது, மரப்பட்டறையில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நான் நினைத்தேன். சந்துமுனையில் வந்த அத்தை பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், தம்பியை வாரி எடுத்தார், சேலையைக் காலால் மிதித்து அணைத்தார். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கம் கலைந்த கோபத்தில் அழுதான், அவ்வளவுதான்.

"கருகுற வாசன தெருமுனை வரைக்கும் வருது. பக்கத்துல ஒக்காந்திருக்கிற ஒனக்குத் தெரியலயா?" என்றார் அத்தை.

அம்மா கையில் தேங்காய் மூடியோடு நின்றாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் விசாரணை. அம்மா அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்ததிலிருந்து எதுவுமே மணக்கவில்லை என்றாள். சோறு வாயில் சுண்ணாம்பாக இருக்கிறது என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்த முடியாமல் அதையும் சொன்னாள்.

"புள்ளயத் தூக்கினா அவன் வாசன வரலங்க. கண்ணுக்கு அவன்தான். கண்ண மூடினா யார் புள்ளயோ மடியில கெடக்குற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

இப்போது என் புருஷனின் சட்டையை மோந்து பார்த்த பிறகு எனக்கு அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "பெத்த தாயி சொல்ற பேச்சா இது" என்றார் அப்பாவிடம்.

அப்புறம் மூக்குக்கு என்ன என்று பேச்சு வந்தது. "அடிபட்டது பின்மண்டையில. மூக்குல ஒரு கீறல்கூட இல்ல. அப்புறம் மூக்கு எப்படிப் போவும்?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இது கண்திருஷ்டியாக இருக்கும், சுற்றிப் போட்டால் தெரிந்துவிடும் என்று முடிவானது. திருஷ்டி இருந்தால் மிளகாய் நெருப்பில் விழுந்தாலும் நெடி வராது, இல்லையென்றால் கமறும், இதுதானே நமக்குத் தெரிந்த சோதனை. அத்தை உப்பையும் காய்ந்த மிளகாயையும் கையில் அள்ளி அம்மாவைச் சுற்றிக் கரியடுப்பில் போட்டார். வீடு முழுக்க நெடி ஏறியது. அப்பா இருமினார், நான் வாசலுக்கு ஓடினேன். எல்லாரையும்விட அதிகமாக இருமியது அம்மாதான். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றதால் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது.

"பாத்துக்க. திருஷ்டியும் இல்ல, மூக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "இவ்ளோ நெடி ஏறுதே, மத்த வாசன மட்டும் எப்படி ஏறாது? மனசுலதான் கோளாறு. புள்ள வேணாம்னு தோணுது, அதுக்கு மூக்கச் சொல்றா."

அம்மா இருமலுக்கு நடுவில் "இது வேற அண்ணி, இது எரியுது, மணக்கல" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்பா ஒரேயடியாக அக்கா பேச்சைக் கேட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த டாக்டர் நெடியடிக்கும் ஒரு சின்னக் குப்பியைத் திறந்து அம்மாவின் மூக்குக்குக் கீழே நீட்டினார். அம்மா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் மூடியைப் போட்டுவிட்டு, மூக்கில் குறை ஒன்றும் இல்லை, பிள்ளை பெற்ற உடம்பு, ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். படித்தவரும் மிளகாயைத்தான் போட்டார், குப்பியில் போட்டார்.

அத்தை ஊருக்குத் திரும்பியபோது தம்பியும் போனான். "ஒரு மாசம் இருக்கட்டும். அவ தேறட்டும்" என்றார் அப்பா. ஃபெர்ரித்துறை வரைக்கும் நாங்களும் போனோம். அம்மா தம்பியைக் கடைசியாக ஒருமுறை வாங்கி உச்சியை மோந்தாள், ரொம்ப நேரம் மூக்கை எடுக்கவில்லை. அத்தை கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஃபெர்ரி போவதைப் பார்த்தேன். தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு வேலைதான். தம்பியின் துவைக்காத சட்டை ஒன்றைச் சதுர பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடி வைத்திருந்தாள். காலையில் அடுப்பு மூட்டும் முன் டின்னைத் திறப்பாள், மோப்பாள், மூடுவாள். சாயங்காலமும் அப்படித்தான். மூக்கு திரும்பி வரும்போது அவன் வாசனை முதலில் வரட்டும் என்று நினைத்தாள். பேசுவது குறைந்தது. சாப்பாடு குறைந்தது. ஜாக்கெட் தொளதொளத்துப் போனது. தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டாள், தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெறுங்காலில் ஏறினாள். ஒன்றும் வரவில்லை.

ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள். "எனக்கு வாசன வந்துடுச்சுங்க."

பொய் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் பால் அடிப்பிடித்து வீடே நாறியது, அம்மா அதன் பக்கத்தில் நின்று முடி சீவிக்கொண்டிருந்தாள். ஆனால் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு நிபோங் திபாலுக்குப் போனார்.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்டத்தில் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தைத் தாண்டித்தான் அத்தை வீட்டுக்குப் போகவேண்டும். ரப்பர் பால் புளித்த நாற்றம் அடித்தது. நான் பாவாடையால் மூக்கைப் பொத்தினேன், அப்பா கைக்குட்டையை எடுத்தார். அம்மா நிமிர்ந்த முகத்தோடு, பிள்ளையைப் பார்க்கப் போகிற அவசரத்தில், முன்னால் நடந்தாள். அப்பா அதைப் பார்த்திருந்தால் அத்தனையும் அங்கேயே விளங்கியிருக்கும். அவர் சேற்றில் கால் வைக்காமல் நடப்பதில் கவனமாக இருந்தார்.

அத்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். தம்பி கொழுத்திருந்தான், அத்தையின் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தான். அம்மா கை நீட்டினாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளை கையைவிட்டுப் போய்விடுமோ என்று அத்தைக்கு அந்த நேரத்தில் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. தம்பியை மாமாவிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் போய்ப் பூப் பறித்து வந்தார். ஒரு கையில் மல்லி, ஒரு கையில் கனகாம்பரம், இரண்டையும் பொத்திக்கொண்டார்.

"கண்ண மூடிக்க. எந்தக் கையில மல்லி இருக்குன்னு சொல்லு. சரியாச் சொன்னா புள்ளயக் கூட்டிட்டுப் போ."

கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். நான் நின்ற இடத்துக்கே மல்லி அடித்தது, வலது கையிலிருந்து. அம்மா கண்ணை மூடினாள். இரண்டு கைகளுக்கும் மூக்கைக் கொண்டுபோனாள், கொண்டுவந்தாள். மேல் உதடு வேர்த்திருந்தது. கடைசியில் இடது கையைத் தொட்டாள்.

அத்தை கையை விரித்தார். ஆரஞ்சு நிறத்தில் கனகாம்பரம் கிடந்தது.

"பொய் சொல்றா" என்றார் அத்தை அப்பாவிடம், மெதுவாக. "அன்னைக்கும் பொய், இன்னைக்கும் பொய்."

இன்றைக்கு வரைக்கும் என் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். வாசனை வரவில்லை என்று சொன்னபோது நடிக்கிறாள் என்றார்கள். வருகிறது என்று சொன்னபோது சோதித்து, வரவில்லை என்று அவர்களே நிரூபித்தார்கள். அப்படியென்றால் அவள் முதலில் சொன்னது உண்மைதானே என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் கண்ணுக்கும் பொய்காரி மட்டும்தான் தெரிந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து அத்தையின் காலைப் பிடித்தாள். அத்தையும் அழுதார், ஆனால் பிள்ளையைத் தரவில்லை. ஒரு மாசம் என்றது ஒரு வருஷமானது. தம்பி அங்கேயே நடந்தான், பேசினான், அத்தையை அம்மா என்றான். பிஸ்கட் டின் பல வருஷம் இருந்தது. இந்தப் பிளாட்டுக்கு மாறும்போது எங்கேயோ தொலைந்தது.

என் மூக்கு போன பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மாவிடம் போனேன். நம் பெண்தான், ஆன்ட்டி ஆன்ட்டி என்று நன்றாகப் பேசினாள். மேசையில் பாதியாக அறுத்த ஒரு பிளாஸ்டிக் தலை இருந்தது. அதைக் காட்டிச் சொன்னாள்.

"நாம நெனக்கிற மாதிரி மூக்கு ஓட்டையில வாசன தெரியாது ஆன்ட்டி. உள்ள, மேல, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல. அங்க சல்லட மாதிரி ஒரு எலும்பு. அந்த ஓட்டை வழியா முடியவிட மெல்லிசான நரம்புங்க நேரா மூளைக்குப் போவுது. ஞாபகம், பாசம் எல்லாம் இருக்கிற எடத்துக்குப் பக்கத்துல. சாப்பாட்டு ருசியும் பாதிக்கு மேல அங்கதான். வாயிலேருந்து பின்பக்கமா ஏறிப் போவும்."

நான் கேட்டேன். "ஒருத்தர் மல்லாக்க விழுந்து பின்மண்டையில அடிபட்டா?"

"மூளை உள்ள ஒரு குலுக்கு குலுங்கும்லா. அந்த நரம்பெல்லாம் சல்லடையில உரசி அறுந்துடலாம். மூக்குல ஒரு கீறல்கூட இருக்காது. சில பேருக்குத் திரும்பி வளரும், சில பேருக்கு வரவே வராது. ஏன், ஆன்ட்டி விழுந்தீங்களா?"

"மோப்பம் இல்லாதவங்களுக்கு மொளகா நெடி தெரியுமா?"

"தெரியும். அது வேற நரம்பு. எரிச்சலச் சொல்ற நரம்பு, முகத்துல இருக்கு. மோப்பம் சுத்தமாப் போனவங்களுக்கும் இருமல் வரும், கண்ணுல தண்ணி வரும்."

இது எரியுது, மணக்கல. அம்மா அன்றைக்கு அடுப்புப் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டே சொன்னது இதைத்தான். நான் அந்த மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். டாக்டரம்மா பயந்துபோய், திரும்பி வரும் ஆன்ட்டி, கிராம்பு, எலுமிச்சை, ரோஜா என்று தினமும் காலையும் மாலையும் மோந்து பழகுங்கள் என்றாள். அம்மா அதையும் யாரும் சொல்லாமலே செய்துவிட்டாள். யாரிடம் போய்ச் சொல்வது? அம்மா இல்லை, அப்பா இல்லை, அத்தையும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருப்பது தம்பி ஒருவன்தான்.

தம்பி அக்கரையில் ஜுருவில் கார் வாங்கி விற்கிறான். கல்யாணம், சாவு என்றால் வருவான், உட்காராமல் போய்விடுவான். 'பெத்தவளே உன்னை யார் புள்ளையோன்னு சொன்னா' என்று அத்தை ஏதோ கோபத்தில் அவனுக்கு ஒருநாள் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோது அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃபோன் போட்டு, ஒரே ஒரு தடவை வா, இனிமேல் கூப்பிட மாட்டேன் என்றேன். வந்தான்.

உட்கார வைத்தேன். கேஸ் அடுப்பில் காய்ந்த மிளகாயைப் போட்டேன். இரண்டு பேரும் இருமினோம், எனக்குக் கண்ணில் கொட்டியது.

"என்னக்கா இது, பைத்தியமா ஒனக்கு?"

"எனக்கு நெடி ஏறுதா?"

"ஏறுது."

"இப்ப இந்த ரெண்டு டப்பாவ எடு. ஒண்ணுல கோப்பித்தூள், ஒண்ணுல பூந்தொட்டி மண்ணு. நான் கண்ண மூடிக்கிறேன். மாத்தி மாத்தி நீட்டு."

நீட்டினான். மண்ணைக் கோப்பி என்றேன், கோப்பியை மண் என்றேன், மறுபடியும் தப்பாகச் சொன்னேன். அவன் நிறுத்திவிட்டான். நான் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன், பாசியிலிருந்து கனகாம்பரம் வரைக்கும். அவன் டப்பாவைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் வரும்போதெல்லாம் என் தலையப் புடிச்சு மோப்பாங்கல்ல" என்றான். "கல்யாணம் ஆனப்புறம்கூட. மோந்துட்டு அழுவாங்க. என்னப் புடிக்காமத்தான் அழுவறாங்கன்னு நெனச்சேன்க்கா. அதுக்கப்புறம் தலையக் குடுக்க மாட்டேன். இழுத்துக்குவேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"கடைசி வரைக்கும் வரலயா?"

"வரல."

அவன் டப்பாவை மேசையில் வைத்தான். தரையைப் பார்த்தபடி கேட்டான். "நீ மோந்திருக்கியே. எப்படி இருந்துச்சு? சொல்லுக்கா."

அம்மா கேட்ட அதே கேள்வி. இந்த உலகத்தில் அந்த வாசனை தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். நல்லா இருந்துச்சு தம்பி என்றேன். அதற்கு மேல் என்னிடம் சொல் இல்லை. எழுந்து போய் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். முடியெல்லாம் கொட்டி, உச்சி வழவழவென்று, வேர்வையில் ஈரமாக இருந்தது. மூக்கை வைத்து இழுத்தேன். வெறும் காற்று வந்தது. மறுபடி இழுத்தேன். நான் அழுவது அவனுக்குத் தெரிந்தது. அவன் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.